நீராவியை விடுங்கள், விசிறியைப் பாருங்கள்

கொதிகலன், இஸ்திரிப் பெட்டி, காற்றை உறிஞ்சவும் ஊதவும் செய்கிற மேசை என்று மூன்றும் ஒரே சட்டத்தில் சேர்ந்து வரும் இயந்திரம் ஒன்று எங்கள் மியூனிக் வீட்டுக்கு வந்து ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் போய்விட்டன. விலை ஆயிரம் யூரோவுக்குக் கொஞ்சம் மேல். ஊரில் அந்தப் பணத்துக்குப் புது ஸ்கூட்டரே எடுத்துவிடலாம் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். அம்மாவின் கணக்கு சரிதான். இருந்தும் வாங்கினேன். மேசைக்கு அடியில் ஓடும் சின்ன விசிறிக்காகத்தான் வாங்கினேன்; நீராவிக்காக அல்ல. இந்த வகை இயந்திரம் வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கால் பங்கு அந்த விசிறியைப் பற்றியது.

என்னிடம் இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று எழுதப்போவதில்லை. சர்வீஸ் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேச இருக்கிறேன். அது ஒரு கிளையில் எனக்கு நடந்தது, அதற்காக ஒரு பெயரைச் சந்திக்கு இழுப்பது முறையில்லை. மற்ற குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக்கே உரியவை. எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் சந்திப்பீர்கள்.

திருமணத்துக்கு முன் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். தைத்து முடித்த உருப்படி எங்களிடம் வந்து, செக்கிங், அயனிங், பேக்கிங் எல்லாம் முடிந்து அட்டைப்பெட்டிக்குள் போகும். அயனிங் வரிசை முழுக்க வேக்குவம் டேபிள்கள், அதாவது காற்றைக் கீழே உறிஞ்சும் மேசைகள். கட்டடத்தின் பின்புறம் விறகில் எரியும் பாயிலர். அங்கிருந்து குழாய் வழியாக ஒவ்வொரு மேசைக்கும் நீராவி வரும். மேசைக்குக் கீழே ஒரு மிதி இருக்கும். அயனிங் மாஸ்டர் டீ-ஷர்ட்டை விரிப்பார், கையால் ஓரங்களை நேராக்குவார், பெட்டியை வைத்து நீராவி விடுவார், உடனே மிதியை அழுத்துவார். துணி 'குப்' என்று மேசையோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த கணம் அதைத் தூக்கி மடிப்பவரிடம் தள்ளிவிடுவார். கூலி பீஸ் ரேட் என்பதால் எல்லாமே சில நொடிகளில் நடக்கும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் வேகம் காட்டுவதற்காக மிதியை அழுத்தாமலே துணியைத் தூக்கிவிடுவார்கள். மேசையில் பார்க்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே துணி ஈரத்தோடு பாலித்தீன் பைக்குள் போய், மறுநாள் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது மடிப்புக்கு மடிப்பு சுருங்கிக் கிடக்கும். நீண்ட கப்பல் பயணம் என்றால் பூஞ்சை பிடிக்கும் பயமும் உண்டு. அந்தப் பையன்களை நான் திட்டிய திட்டில் பாதி அந்த மிதிக்காகத்தான்.

ஏன் அப்படி ஆகிறது என்பதை அப்போது எனக்கு ஒரு மாஸ்டர்தான் சொல்லிக்கொடுத்தார். பருத்தி நூலுக்குள் இருக்கும் செல்லுலோஸ் இழைகள் ஒன்றையொன்று மெல்லிய பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஈரமும் சூடும் அந்தப் பிடியைத் தளர்த்தும். ஈரம் வெளியேறிச் சூடு தணியும்போது இழைகள் அந்த நேரத்தில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே மறுபடி பிடித்துக்கொள்ளும். நேராகக் கிடந்தபடி ஆறினால் துணி நேராக நிற்கும். கையில் தொங்கியபடியோ நாற்காலி முதுகில் கிடந்தபடியோ ஆறினால் அந்தக் கோணலே நிலைத்துவிடும். பாலியெஸ்டர் ஈரத்தைப் பொருட்படுத்தாது, ஆனால் சூடு தணியும்போது பிடிக்கிற வடிவத்தை விடவே விடாது. ஆக, துணியை நேராக்குவது பெட்டி. அதை நேராகவே நிறுத்துவது, மேசையில் கிடந்தபடியே அது ஆறுவது. சாதாரண மடக்கு மேசையில் இந்த இரண்டாவது வேலை நடப்பதே இல்லை. மேலே விட்ட நீராவி ஸ்பாஞ்சுக்குள் போய்த் தங்கும், ஸ்பாஞ்சு நனையும், நீங்கள் தேய்த்த சட்டையின் முதுகு அடியிலிருந்து மறுபடி ஈரமாகும். உறிஞ்சும் மேசையில் விசிறி அந்த ஆவியைத் துணி வழியாகக் கீழே இழுத்து வெளியே தள்ளுகிறது. அறைக்காற்று துணிக்குள் புகுந்து அதை ஆற்றுகிறது. திருப்பூர் மிதியின் வேலையை இங்கே ஒரு சுவிட்ச் செய்கிறது.

கடைக்குப் போனால் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை. எத்தனை பார் அழுத்தம், நிமிடத்துக்கு எத்தனை கிராம் நீராவி என்ற எண்களையே பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். தனியாக விற்கும் நீராவி நிலையங்களில், அதாவது தனிக் கொதிகலனோடு வரும் இஸ்திரிப் பெட்டிகளில், அந்த எண்கள் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகின்றன. வீட்டுத் துணிக்கு 3.5 பார் தாராளம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 150 டிகிரியில் கொதிக்கிறது. வெளியே வரும் ஆவி நைசாகவும் ஈரம் குறைந்தும் இருக்கும். அதற்கு மேல் கூடுதல் ஆவி வேண்டுமானால், அதை வெளியேற்ற மேசையில் விசிறி இருந்தால்தான் பயன். இல்லாவிட்டால் சட்டையை நனைக்கிறீர்கள்.

சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மேசையில் மட்டும் விசிறி இருக்கும். இஸ்திரிப் பெட்டியோ நீராவி நிலையமோ நீங்கள் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். லைஃப்ஹைட் போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் மேசைகள் இந்த வகை. இருநூறு யூரோ சுற்றில் கிடைக்கும். மற்றது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் லாரஸ்டார் இந்த வகைக்கே பேர் போனது. மீலேயும் இப்படி இயந்திரங்கள் செய்து விற்றிருக்கிறது. ஒன்றாகச் சேர்ந்ததில் என்ன லாபம் என்றால், பெட்டியின் நீராவி விசையை அழுத்தியதும் விசிறி தானாக ஓடத் தொடங்கும், விட்ட பிறகும் சில நொடிகள் ஓடி நிற்கும். என் கால் இன்னும் பழக்கதோஷத்தில் தரையில் மிதியைத் தேடுகிறது என்பது வேறு விஷயம்.

இப்போது துணிக்கு வருகிறேன்.

என் கணவரின் பருத்திச் சட்டைகள்தான் வாரந்தோறும் வருகிற வேலை. காலர், தோள்பட்டி, கைப்பட்டி, கை, முன்பக்கம், முதுகு என்ற வரிசையில் போகிறேன். பழைய மேசையில் முன்பக்கம் தேய்க்கும்போது பொத்தான் பட்டி நழுவிக்கொண்டே இருக்கும். இடது கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும், ஆவியில் விரல் சுடும். இங்கே உறிஞ்சல் துணியைப் பிடித்துக்கொள்கிறது, இடது கைக்கு வேலையே இல்லை. முக்கியமான வித்தியாசம் கைப்பட்டியிலும் காலரிலும் தெரிகிறது. இரண்டு மூன்று அடுக்குத் துணியும் நடுவில் விறைப்புக்காக ஒட்டும் ஃபியூசிங் துணியும் இருப்பதால் இவை ஈரத்தை அதிகம் குடிக்கும். தேய்த்துக் கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக, கொஞ்சம் நமுத்துப் போய் இருக்கும். அதைத் தொங்கவிட்டால் காலையில் காலர் நுனி சுருண்டு நிற்கும். இந்த மேசையில் நீராவி விட்டு, பெட்டியை எடுத்துவிட்டு, விசிறி மட்டும் ஓட நான்கைந்து நொடி அப்படியே விடுகிறேன். தொட்டால் குளிர்ந்து, காகிதம் மாதிரி விறைப்பாக இருக்கும். அதன் பிறகுதான் எடுக்கிறேன். இந்த நான்கைந்து நொடியைப் பொறுக்க முடியாதவர்கள் இந்த இயந்திரத்துக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

சேலை பற்றி எந்த விளம்பரப் படத்திலும் காட்டமாட்டார்கள், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். என்னிடம் நெகமம் காட்டன் சேலைகள் நிறைய உண்டு. வழக்கம்போல நீளவாக்கில் நாலாக மடித்துத் தேய்த்தால் உறிஞ்சல் அடி மடிப்பை மட்டும்தான் பிடிக்கும். மேல் மடிப்புகள் தம் விருப்பப்படி நழுவும். காற்று நான்கு அடுக்கைத் தாண்டி இழுக்கத் திணறுகிறது, விசிறியின் சத்தமே மாறுவது காதுக்குத் தெரியும். ஒற்றையாக விரித்தால்தான் இந்த மேசையின் அருமை தெரிகிறது. மேசையின் நீளம் 120 சென்டிமீட்டர். சேலையின் அகலமும் ஏறத்தாழ அதுவே. எனவே சேலையை மேசையின் குறுக்காகப் போட்டு, ஒரு கரை மேசையின் நுனிப் பக்கம், மறு கரை பெட்டி வைக்கும் பக்கம் என்று வைத்துக்கொண்டு, ஒரு மேசை அகலம் தேய்த்ததும் என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். ஐந்தரை மீட்டர் சேலைக்குப் பதினான்கு இழுப்பு போதும். மறுபக்கம் தரையில் ஒரு சுத்தமான விரிப்பு; தேய்த்த பகுதி என் பக்கம் நாற்காலி மேல் அடுக்கடுக்காக விழுகிறது. விழும்போதே ஆறிவிட்டிருப்பதால் அங்கே புதுச் சுருக்கம் விழுவதில்லை. மடக்கு மேசையில் இதே காரியத்தைச் செய்து பார்த்தால் முதல் மீட்டரைத் தேய்த்து முடித்து ஐந்தாவது மீட்டருக்கு வரும்போது முதல் மீட்டர் கசங்கிப் போயிருக்கும்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. மேசையின் நுனி சட்டைத் தோளுக்காகக் கூராகக் குறுகி வருகிறது. அந்தப் பக்கம் வரும் கரை ஒவ்வொரு இழுப்பிலும் பாதிதான் மேசையில் உட்காரும். கடைசியில் அந்தக் கரையை மட்டும் தனியாக நீளவாக்கில் ஓட்ட வேண்டியிருக்கிறது. செவ்வகமாக ஒரு மேசை செய்தால் சேலை கட்டுகிறவர்களும் மேசை விரிப்பு தேய்க்கிறவர்களும் வாழ்த்துவார்கள். எட்டு முழ வேட்டிக்கும் இதே முறைதான். வேட்டியின் கரையைத் தேய்க்கும்போது உறிஞ்சல் அதை நூல் பிடித்தாற்போல நேராக வைத்திருக்கிறது; இதற்கு மட்டும் முழு மதிப்பெண்.

ஊதல் என்பது விசிறி எதிர்த்திசையில் ஓடுவது. துணி மேசையில் அழுந்தாமல் காற்றின் மேல் மிதக்கும். தொடக்கத்தில் இது விற்பனைக்காகச் சேர்த்த வித்தை என்றுதான் நினைக்கத் தோன்றும். பட்டு ரவிக்கையில்தான் அதன் பயன் தெரிகிறது. உள்ளே தையல் ஓரம், டக், லைனிங், கொக்கிப் பட்டி என்று ஏகப்பட்ட மேடு பள்ளம் இருக்கும். அழுத்தித் தேய்த்தால் அத்தனை மேடும் வெளிப்பக்கம் பளபளவென்று தடமாகத் தெரியும். ஊதல் போட்டு, பெட்டியைத் துணிக்கு மேல் தொட்டும் தொடாமலும் பிடித்து ஆவி மட்டும் விட்டால் தடம் விழுவதில்லை. கோரா பட்டுச் சேலைக்கும் ஜரிகைக் கரைக்கும் இதையே செய்கிறேன், உள்பக்கமிருந்து, ஆவியும் குறைவாக. முன்பு ஒரு சேலையை இங்கே ஒரு சலவைக் கடையில் கொடுத்தபோது படுக்கை விரிப்பு தேய்க்கும் உருளையில் விட்டு, கரையை நசுக்கித் தகடாக்கிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது என்ன துணி என்று தெரியவில்லை. சட்டைக்கு மூன்று யூரோ வாங்கும் ஊரில் சேலைக்கு விலைப்பட்டியலே கிடையாது.

கறுப்புப் பேன்ட், கறுப்பு பனியன் துணி இரண்டுக்கும் பெட்டியின் அடியில் டெஃப்லான் தகடு மாட்ட வேண்டும். திருப்பூரில் அதை ஷூ என்போம். அங்கே அது இல்லாமல் ஒரு பெட்டியும் ஓடாது. இங்கே சில மாடல்களுக்குக் கூடவே கொடுக்கிறார்கள், சிலவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும். எனக்குத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஆயிரம் யூரோ வாங்கிக்கொண்டு ஒரு தகட்டுக்குக் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம். அது இல்லாமல் கறுப்புத் துணியை வெளிப்பக்கம் தேய்த்தால் நூல் நசுங்கிப் பளபளப்பு ஏறும், பிறகு எதைச் செய்தாலும் முழுமையாகப் போகாது.

கஞ்சி விஷயம் நம்மவர்களுக்கு மட்டும் உரியது. காட்டன் சேலைக்குக் கஞ்சி போடாமல் எனக்குக் கட்டப் பிடிக்காது. கஞ்சி போட்ட துணியைத் தேய்க்கும்போது உறிஞ்சல் ஆவியோடு கொஞ்சம் கஞ்சிப் பசையையும் மேல் உறைக்குள் இழுக்கிறது. நாளாக ஆக உறையின் துளைகள் அடைகின்றன, உறை விறைக்கிறது, உறிஞ்சல் பலமிழக்கிறது. விசிறி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். உறையைக் கழற்றித் துவைத்தால் போதும், பழைய பலம் வந்துவிடும். நான் கஞ்சித் துணிக்கென்று பழைய மெல்லிய பருத்தி வேட்டி ஒன்றை உறைக்கு மேல் விரித்துக்கொள்கிறேன். தடித்த துணி போட்டால் காற்று போகாது. கடையில் விற்கும் சாதாரண மேசை உறைகளையும் இதில் மாட்டக் கூடாது. பலவற்றின் அடியில் அலுமினியப் பூச்சு இருக்கும். காற்று போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். நிறுவனம் விற்கும் வலை உறையையே வாங்க வேண்டியிருக்கிறது, விலையும் அதற்கேற்றபடிதான்.

தண்ணீர்தான் மியூனிக்வாசிகளுக்குப் பெரிய தலைவலி. மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வரும் எங்கள் குழாய்நீர் குடிக்க அவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் சுண்ணாம்பு ஏராளம். நீரின் கடினத்தன்மைக்கான ஜெர்மன் அளவையில் 14 டிகிரிக்கு மேல் போனாலே கடினநீர்; எங்களுடையது 16 டிகிரி வாக்கில். கொதிகலனில் இது உப்பாகப் படிந்து, ஒரு நாள் வெள்ளைச் சேலையின் மேல் பழுப்புத் துளியாக வந்து விழும். அதைத் தடுக்க நீர்த்தொட்டியில் ஒரு வடிகட்டிக் குப்பி வைக்கிறார்கள். கடினநீர் ஊரில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும், வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். என் இயந்திரத்தின் கையேடு பாதி குழாய்நீர், பாதி காய்ச்சி வடித்த நீர் கலக்க அனுமதிக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் 5 லிட்டர் கேன் வாங்கி அப்படியே கலக்கிறேன். முழுக்க முழுக்க வடித்த நீர் வேண்டாம் என்றும் அதே கையேடு சொல்கிறது. துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேரும் தண்ணீரை ஊற்றினால் மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். அதில் நார்த்தூசும் சோப்பு மிச்சமும் இருக்கும், கொதிகலனுக்கு ஆகாது. அவ்வப்போது ஆறின கொதிகலனை அலசி ஊற்ற வேண்டும். முதல் முறை அலசியபோது வாளியில் விழுந்த வெள்ளைச் செதில்களைப் பார்த்த பிறகு இதில் நான் சோம்பல் படுவதில்லை.

ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதல் இரண்டு மூன்று மூச்சு ஆவி ஈரமாகத்தான் வரும். கொதிகலனுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் குழாய் குளிர்ந்திருப்பதால் அதற்குள் ஆவி தண்ணீராகிவிடுகிறது. ஒரு பழைய துண்டின் மேல் அதை விட்டுத் தள்ளிவிட்டுத்தான் நல்ல துணியைத் தொட வேண்டும். தொலைபேசி வந்து கொஞ்ச நேரம் நிறுத்தினாலும் மறுபடி இதே சடங்கு. மேசையும் குளிர்ந்திருக்கும்போது உறிஞ்சினால் மேசையின் வயிற்றுக்குள் தண்ணீர் கோத்து, அடியில் இருக்கும் துளை வழியாகத் தரையில் சொட்டும். சில மாடல்களில் மேசையே லேசாகச் சூடேறும்; அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. என்னுடையதில் அந்த வசதி இல்லை. மரத்தரை வைத்த வாடகை வீட்டுக்காரர்கள் அடியில் ஒரு பழைய துணியைப் போட்டுவைப்பது நல்லது. வீட்டைக் காலி செய்யும்போது தரையில் ஒரு கறை தெரிந்தாலும் வைப்புத்தொகையில் கை வைப்பார்கள்.

சத்தம் பேச்சை மறைக்கும் அளவு இல்லை, வானொலி கேட்டுக்கொண்டே தேய்க்கலாம். ஆனால் இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் இந்த ஊரில் அமைதி காக்க வேண்டும். எங்கள் பழைய கட்டடத்தில் மரத்தரை வழியாக விசிறியின் அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்குகிறது. கால்களுக்கு அடியில் ரப்பர் பாய் போட்ட பிறகு கீழ்வீட்டுப் பாட்டியம்மா படிக்கட்டில் மறுபடி சிரித்துப் பேசுகிறார். சனிக்கிழமை முற்பகலே தேய்ப்பு நேரம் என்று வைத்துக்கொண்டுவிட்டேன்.

எடை இருபது கிலோவுக்குக் குறையாது. சக்கரம் இருப்பதால் வீட்டுக்குள் தள்ளுவது சுலபம், கதவு நிலையைத் தாண்டும்போது மட்டும் தூக்க வேண்டும். மடித்தால் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது, ஆனால் கதவு முழுக்கத் திறக்காது. உயரம் மாற்றும் வசதி நன்றாகச் செய்திருக்கிறார்கள். நான் ஐந்தடிதான், இந்த ஊர் மேசைகள் பல எனக்கு நெஞ்சுக்கு வரும். இது முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, தோள் வலிக்கவில்லை.

மின்சாரத்துக்கு வந்தால், சூடேறும் நேரத்தில் 2200 வாட் இழுக்கிறது. பிறகு விட்டுவிட்டுத்தான் எரிகிறது. பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்ததில் ஒரு மணி நேரத் தேய்ப்புக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் வரை ஆகிறது. இங்கே யூனிட் முப்பது நாற்பது சென்ட், ஆகவே ஒரு மணி நேரம் அரை யூரோ சுமார். அதில் விசிறியின் பங்கு அற்பம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: வீட்டு இணைப்பு ஒன்று 16 ஆம்பியர் தாங்கும், அதாவது 230 வோல்ட்டில் 3680 வாட். அதே இணைப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தால் இரண்டும் சேர்ந்து நாலாயிரத்தைத் தாண்டி ஃபியூஸ் விழக்கூடும்.

சர்வீஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாவது மாதத்தில் பெட்டியின் கைப்பிடியில் இருக்கும் நீராவி விசை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. வாங்கிய கடையில் கேட்டால், உற்பத்தியாளரிடம் பேசுங்கள் என்று கைகழுவினார்கள். உற்பத்தியாளரின் எண்ணில் இசை ஓடிக்கொண்டே இருந்தது. ஜெர்மனியில் புதுப்பொருளுக்கு இரண்டு வருடம் விற்றவரே பொறுப்பு. முதல் 12 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவரின் வேலை. 2022 தொடக்கத்திலிருந்து இப்படி. இதை மின்னஞ்சலில் எழுதி, ரசீதையும் இணைத்து அனுப்பிய பிறகுதான் கடை இறங்கி வந்தது. அதிலும் மூல அட்டைப்பெட்டியில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். ஆள் உயரப் பெட்டி அது. கீழ்த்தள அறையில் அதை நாங்கள் போட்டு வைத்திருந்ததால் பிழைத்தோம். சரியாகித் திரும்பி வர ஏறத்தாழ ஒரு மாதம். அந்த ஒரு மாதம் பழைய மடக்கு மேசையில் தேய்த்தபோது வந்த எரிச்சலை எழுதினால் இந்தக் கட்டுரை இரண்டு பங்காகிவிடும். ஒரு சிறு விசைக்காக மொத்த இயந்திரத்தையும் அனுப்பச் சொல்வது மடத்தனமான ஏற்பாடு. வாங்கும் முன் கேளுங்கள்: பெட்டியையும் குழாயையும் மட்டும் கழற்றி அனுப்ப முடியுமா, உங்கள் ஊரிலேயே பழுது பார்க்கிறவர் உண்டா என்று. இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிவிடலாம். அந்த நாட்களில் சும்மா வைத்துப் பார்க்காமல் சேலை, காலர், கறுப்புப் பேன்ட் மூன்றையும் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

வாரத்துக்கு மூன்று சட்டை தேய்க்கிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். விசிறி வைத்த வெறும் மேசையை இருநூறு யூரோவுக்கு வாங்கி, கையில் இருக்கும் பெட்டியையே வைத்துக்கொள்ளலாம். பலனில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். விசிறியின் சுவிட்சைக் கையால் போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இருநூறு யூரோவுக்கு அழுத்தம் கூடின நீராவி நிலையம் வாங்கி அதைச் சாதா மேசையில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். மாறாக, தினமும் சட்டை போடுகிற இருவர், காட்டன் சேலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று துணி குவிகிற வீடாக இருந்தால் எங்கள் வீட்டைப் போல ஒன்றாகச் சேர்ந்ததை வாங்கலாம். நான் மறுபடி வாங்க நேர்ந்தாலும் இந்த வகையையே வாங்குவேன், மேசை சூடேறும் மாடலாகப் பார்த்து.

ஊருக்கு ஒன்று வாங்கி அனுப்ப முடியுமா என்று திருப்பூரில் இருக்கும் சித்தி மகள் கேட்டாள். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். மின்னழுத்தம் அங்கேயும் 230தான், பெரிய பிளக் மாற்றினால் ஓடும். ஆனால் விசை கெட்டால் யாரிடம் கொடுப்பாள்? போர்வெல் தண்ணீரில் அந்த வடிகட்டிக் குப்பி எத்தனை நாள் தாங்கும்? அவளிடம் சொன்னது இதுதான்: தலைக்கு மேல் தண்ணீர் பாட்டில் தொங்கும் ஸ்டீம் அயன் ஒன்றும், அதற்கு அடியில் ஷூ ஒன்றும் வாங்கிக்கொள். தையல் இயந்திரக் கடைகளில் சின்ன வேக்குவம் டேபிள் புதிதாகவும் பழையதாகவும் வரும். மிதி வைத்ததாகப் பார்த்து எடு. வாங்கும்போது ஒரு கைக்குட்டையைப் போட்டு மிதியை அழுத்திப் பார். கைக்குட்டை ஒட்டினால் மட்டும் போதாது, சத்தம் சீராக இருக்கிறதா என்று மோட்டார் பக்கம் காது கொடுத்துக் கேள். மேசை உறையைப் பிரித்துக் கீழே இருக்கும் வலை துருப்பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு. துரு இருந்தால் வெள்ளைத் துணியில் இறங்கும், கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடு.